ஏழு முதல் பதினொன்று வரை: ஓர் அல்லங்காடியின் வரலாறு

மதுரைக்காஞ்சியைப் பாடம் நடத்துகிறவர் எவரும் நாளங்காடி, அல்லங்காடி என்னும் இரு சொற்களைத் தொடாமல் நகர முடியாது. பகற்கடை, இராக்கடை என்று பொருள் சொல்லி, மாநகரின் வளத்துக்கு அதுவே சான்று என்று ஒரு வரி சேர்த்து அடுத்த பகுதிக்குப் போய்விடுவது நம் போன்றோர் வழக்கம். சென்ற ஆண்டு அவ்வாறு கடந்துபோகையில் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தார். "ஐயா, பகலில் கடை வைத்தவர்களேதான் இரவிலும் வைத்தார்களா? அப்படியானால் அவர்கள் எப்போது தூங்கினார்கள்?" வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்துச் சமாளித்தோம். விடை நம்மிடம் இல்லை.

அக்கேள்வி மீண்டும் நம்மைப் பிடித்துக்கொண்டது முராதா சயாகாவின் 'கொன்பினி மனிதர்' என்னும் ஜப்பானிய நாவலை ஆங்கிலத்தில் படித்தபோதுதான். 2016இல் அகுதாகவா விருது பெற்ற நூல் அது. எழுதியவரே பல ஆண்டுகள் இத்தகைய கடைகளில் பகுதிநேரப் பணியாளராக நின்றவர். எந்நேரமும் திறந்திருக்கும் சிறு கடையை ஜப்பானியர் 'கொன்பினி' என்பர். இந்தக் கொன்பினி எங்கிருந்து வந்தது என்று தேடப் புகுந்தோம். அது ஒரு பனிக்கட்டிக் கிடங்கில் கொண்டுபோய் விட்டது. பழம்பாடல்களைப் பேசும் நாம் ஒரு வணிக நிறுவனத்தின் வரலாற்றை எழுத நேர்ந்த கதை இதுவே. பொறுத்தருள்க.

உலகெங்கும் 80,000க்கு மேற்பட்ட கடைகளைக் கொண்ட 'செவன் இலெவன்' நிறுவனத்தைப் பெயரளவிலேனும் அறியாதார் குறைவு. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ உறவினர் உள்ள குடும்பங்களுக்கு அது நன்கு பழகிய பெயர். மும்பையின் அந்தேரியில் 2021 அக்டோபரில் முதற்கடை திறக்கப்பட்டு இந்தியாவுக்கும் வந்துவிட்டது. ஏழு, பதினொன்று என்பன காலை ஏழு மணியையும் இரவு பதினொரு மணியையும் குறிப்பன. ஆனால் அந்நேரக் கணக்குப்படி நடக்கும் கடையை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். பெயர் நின்றுவிட்டது; அது சுட்டிய பொருள் போய்விட்டது. சொல்லாராய்ச்சி செய்வோருக்கு இது புதிதன்று. ஆனால் இங்கே பொருள் போன இடத்தில் சில மனிதர்களின் உறக்கமும் போயிருக்கிறது.

1927. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம், டல்லாஸ் நகரின் ஓக் கிளிஃப் பகுதி. வீடுகளில் மின்குளிர்ப்பெட்டி பரவாத காலம். பாலையும் இறைச்சியையும் காக்கப் பனிக்கட்டிதான் வழி. சவுத்லேண்ட் ஐஸ் கம்பெனி பனிக்கட்டி உற்பத்தி செய்து தெருமுனைக் கிடங்குகளில் விற்றது. அக்கிடங்குகளுள் ஒன்றை நடத்திவந்தவர் ஜெஃபர்சன் கிரீன். வட்டாரத்தார் 'ஜானி மாமா' என்று அழைத்தனர். டெக்சஸ் கோடையில் பனிக்கட்டிக்கு ஞாயிறு என்றும் மாலை என்றும் இல்லை. அவர் நாளொன்றுக்குப் பதினாறு மணிநேரம், வாரத்தின் ஏழு நாளும் கிடங்கைத் திறந்து வைத்திருந்தார். மளிகைக் கடைகள் சாத்திய பின்னும் இவர் விழித்திருந்தார். ஆகவே பனிக்கட்டி வாங்க வந்தோர் ரொட்டியும் பாலும் முட்டையும் கிடைக்குமா என்று கேட்கத் தொடங்கினர். அவற்றையும் வாங்கி வைத்தார், விற்றன. நிறுவனத்தில் பொறுப்பிலிருந்த ஜோ தாம்சன் என்னும் இளைஞர் இதன் பயனை உடனே கண்டுகொண்டு மற்றக் கிடங்குகளுக்கும் பரப்பினார்.

பொருள் அவ்வட்டாரத்தில் பகலெல்லாம் கிடைத்ததுதான். கிடைக்காத நேரத்தில் கிடைத்தது என்பதே அங்கு விலைபோயிற்று. இதைத் தாம்சன் அறிந்திருந்தார் என்றே தோன்றுகிறது.

1928இல் யாரோ அலாஸ்காவிலிருந்து கொண்டுவந்த குலமரபுச் செதுக்குத்தூண் ஒன்று ஒரு கடையின் முன் நடப்பட்டது. ஆங்கிலத்தில் அத்தூணின் பெயரும் 'சுமந்து செல்' என்னும் சொல்லும் ஒலியால் நெருங்கியவை. வாங்கியதைச் சுமந்துபோகும் கடைகளுக்கு அச்சிலேடையே 'டோட்டம்' என்று பெயராயிற்று. அலாஸ்காப் பழங்குடிகளின் தூணுக்கும் டெக்சஸ் முட்டைக்கும் என்ன உறவு என்று அக்காலத்தில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பெருமந்தக் காலத்தில் நிறுவனம் நொடித்து நீதிமன்ற மேற்பார்வைக்குப் போய் மீண்டது. போர் முடிந்தபின், 1946இல், கடைகள் காலை ஏழு முதல் இரவு பதினொன்று வரை திறந்திருக்கும் என்பதையே பெயராக்கினர். அன்று அது ஒரு வாக்குறுதி. அதற்குள்ளேயே ஒரு வரம்பும் இருந்தது: பதினொன்றுக்குப் பின் நாங்களும் உறங்குவோம் என்பது சொல்லாமல் சொல்லப்பட்டது.

வரம்பு உடைந்தது 1963இல். ஆஸ்டின் நகரில் டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு அருகிலிருந்த கடை அது. ஒரு சனிக்கிழமை கால்பந்தாட்டம் முடிந்து கூட்டம் வந்துகொண்டேயிருந்தது; கடையைச் சாத்த முடியவில்லை. விடியும்வரை விற்றார்கள். அவ்வோரிரவின் வரவைப் பார்த்த நிறுவனம் இருபத்துநான்கு மணிநேரக் கடைகளைத் திட்டமிட்டே திறக்கத் தொடங்கியது. முறைமையொன்று விதிவிலக்காகப் பிறந்து விதியாக முதிர்வதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டை இலக்கணத்திலும் நாம் கண்டதில்லை.

அடுத்த ஆண்டு மற்றொரு மாற்றம். கலிபோர்னியாவில் 'ஸ்பீடீ மார்ட்' என்னும் கடைத்தொகுதியைச் சவுத்லேண்ட் வாங்கியது. அக்கடைகள் ஃப்ரான்சைஸ் முறையில் நடந்தவை. பெயரும் முறையும் நிறுவனத்துடையவை, கடையை நடத்தும் பொறுப்பு தனியொருவருடையது, கிடைப்பதில் பங்கு. இம்முறையைச் சவுத்லேண்ட் தன் கடைகளுக்கும் விரித்தது. இவ்விரு மாற்றங்களும் ஓராண்டு இடைவெளியில் நிகழ்ந்தன என்பதை வாசகர் கருத்தில் இருத்த வேண்டுகிறோம். இரவு முழுதும் திறந்திருக்கும் கடை வந்தது. அவ்விரவை நிறுவனத்தின் சம்பளக் கணக்கிலன்றிக் கடைக்காரர் ஒருவரின் தோளில் ஏற்றும் வழியும் வந்தது. திட்டமிட்ட சூழ்ச்சி என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பின்னர் நடந்த எல்லாவற்றுக்கும் இவ்விரண்டுமே வேர்.

இனி ஜப்பானுக்குப் போவோம். 1973இல் அந்நாட்டில் பேரங்காடிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டது. பெருங்கடைகளால் தாம் அழிவோம் என்று சிறுகடைக்காரர்கள் கொதித்திருந்த காலம். இட்டோ மசாதோஷி என்பவர் வளர்த்த 'இட்டோ-யோகாடோ' என்னும் பேரங்காடி நிறுவனத்தில் சுசூகி தோஷிஃபுமி என்ற அதிகாரி இருந்தார். புத்தக விநியோக நிறுவனத்திலிருந்து வணிகத்துக்கு வந்தவர். கடையில் நின்று விற்ற அனுபவம் இல்லாதவர். அமெரிக்கப் பயணத்தின்போது சாலையோரம் பேருந்து நின்ற இடத்தில் செவன் இலெவன் கடையொன்றைக் கண்டதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பெருங்கடையும் சிறுகடையும் சேர்ந்து பிழைக்க இதுவே வழி என்பது அவர் கட்சி. இட்டோ உட்படப் பலரும் தயங்கினர். ஆயினும் 1973இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. விற்பனையில் 1 விழுக்காடு கேட்ட அமெரிக்கர் இறுதியில் 0.6 விழுக்காட்டுக்கு இறங்கினர். பெரும்பொருள் கொடுத்துப் பெற்ற கையேடுகளைப் பிரித்துப் பார்த்தால் பணப்பெட்டியை எப்படி இயக்குவது என்பது போன்ற தொடக்கப் பாடங்களே இருந்தன என்றும் சுசூகி நொந்துகொண்டிருக்கிறார். ஒருவகையில் அது நல்லூழ். மூலத்தில் ஒன்றுமில்லாததால் உரை எழுதுபவர் தாமே நூலை ஆக்க வேண்டியதாயிற்று.

முதற்கடை டோக்கியோவில், கடலைத் தூர்த்து உண்டாக்கிய தொயோசு என்னும் தொழிற்பகுதியில், 1974 மே 15 அன்று திறந்தது. தந்தை விட்டுச்சென்ற மதுக்கடையை நடத்திவந்த இளைஞர் ஒருவர் செய்தித்தாளில் பார்த்துத் தாமே கடிதம் எழுதி முன்வந்தவர். மழை பெய்த அக்காலையில் முதலில் விற்ற பொருள் 800 யென் விலையுள்ள குளிர்கண்ணாடி. மழைநாளில் கறுப்புக் கண்ணாடி வாங்கிய அம்மனிதர் யாரோ, வரலாற்றில் ஏறிவிட்டார்.

சில வாரங்களிலேயே சிக்கல் தெரிந்தது. மொத்த வியாபாரிகள் பெட்டி பெட்டியாகத்தான் சரக்கைத் தருவார்கள். மாதத்துக்கு ஐந்து விற்கும் பொருளுக்கும் ஒரு முழுப்பெட்டி வாங்க வேண்டும். கடைக்காரரின் வீடு முழுதும் பெட்டிகள் நிறைந்தன. சிறு அளவில் அடிக்கடி கொண்டுவந்து தர வேண்டும் என்று சுசூகி மொத்த வியாபாரிகளிடம் மன்றாடினார். அவ்வாறு அடிக்கடி வருவது வியாபாரிகளுக்குக் கட்டுப்படியாக வேண்டுமானால் கடைகள் நெருங்கி இருக்க வேண்டும். அதனால்தான் முதலில் அந்த ஒரு வட்டாரத்தை விட்டு அடி எடுத்து வைக்காதீர்கள் என்று தம் ஆட்களுக்குக் கட்டளையிட்டார். தொடக்கத்தில் ஒரு கடைக்கு நாளொன்றுக்கு எழுபது வண்டிகள் வந்தன. பல நிறுவனச் சரக்குகளை ஒரே வண்டியில் சேர்த்து அனுப்பும் ஏற்பாட்டால் பிற்காலத்தில் அது ஒன்பதாகக் குறைந்தது. எண்பதடிக்கு ஒரு கொன்பினி என்று ஜப்பானுக்குப் போய்வந்தோர் வியந்து சொல்வதன் காரணம் இந்த வண்டிக்கணக்கில் இருக்கிறது.

1975இல் ஃபுகுஷிமா மாவட்டத்தின் கொரியாமா நகரில் ஒரு கடை இரவு முழுதும் திறந்து பார்த்தது, வெற்றி. 1978இல் ஒனிகிரி எனப்படும் சோற்றுருண்டை வந்தது. வீட்டில் பிடிக்கும் சோற்றுருண்டையைக் காசு கொடுத்து யார் வாங்குவார் என்று எதிர்த்தனர். சோற்றின் ஈரம் கடற்பாசித் தாளைத் தொடாதவாறு இடையில் மெல்லிய உறை வைத்து, உண்ணும்போது உருவிக்கொள்ளச் செய்தனர். இன்று அதனைச் சுட்டாமல் கொன்பினியைப் பற்றிப் பேச முடியாது. 1982இல் விற்ற நொடியிலேயே விற்றதைப் பதியும் கணினிமுறை வந்தது. வாங்க வந்தவர் ஆணா பெண்ணா, ஏறத்தாழ எவ்வயதினர் என்பதையும் கடைப்பணியாளர் ஊகித்து ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். நெடுங்காலம் இது வழக்கில் இருந்தது. 1987இல் மின்கட்டணம் செலுத்தலாம் என்றாயிற்று. 2001இல் வங்கியே தொடங்கினர். 2003இல் ஜப்பானில் மட்டும் 10,000 கடைகள். 2018 சனவரியில் 20,000.

இவ்வளர்ச்சிக்கு நடுவே தாய்நிறுவனத்தின் நிலை என்ன? 1987இல் வெளியார் ஒருவர் கைப்பற்ற முயன்றபோது தாம்சன் குடும்பத்தார் பெருங்கடன் வாங்கித் தம் நிறுவனத்தைத் தாமே முழுதும் வாங்கிக்கொண்டனர். அதே அக்டோபரில் பங்குச்சந்தை சரிந்தது. டல்லாசில் இரட்டைக் கோபுரமாக எழும்ப வேண்டிய தலைமையகத்தில் ஒரு கோபுரம் மட்டுமே எழுந்தது. ஹவாய்த் தீவுகளின் கடைகளை ஜப்பானியருக்கே விற்றனர். 1990 அக்டோபரில் திவால் மனு. 1991 மார்ச்சில் இட்டோ-யோகாடோவும் அதன் கொன்பினி நிறுவனமும் 43 கோடி டாலர் கொடுத்து 70 விழுக்காட்டுப் பங்கை எடுத்தன. 2005இல் மிச்சத்தையும் வாங்கின. கையேடு விற்றவரை வாங்கியவர் விலைக்கு வாங்கிய கதை. பத்திரிகைகள் இப்பகுதியையே விரும்பி எழுதும். நாம் விரைந்து கடக்கிறோம். ஏனெனில் நம் மாணவியின் கேள்விக்கு விடை வேறோரிடத்தில், கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

ஜப்பானில் கடைக்காரர் நிறுவனத்துக்குச் செலுத்தும் ராயல்டி விற்பனையின் மேல் அன்று, மொத்த இலாபத்தின் மேல் கணக்கிடப்படுகிறது. விற்ற தொகையிலிருந்து அடக்கவிலையைக் கழித்தால் மொத்த இலாபம். கேட்க எளிது. ஆனால் விற்காமல் கெட்டுக் குப்பைக்குப் போகும் சோற்றுருண்டையின் அடக்கவிலையைக் கழிக்கலாமா? ஒப்பந்தத்தில் இருந்த தொடர் 'விற்பனைப் பொருளின் அடக்கவிலை' என்ற பொருள்பட நின்றது. விற்பதற்கு வைத்த பொருள் எல்லாமா, விற்றுப்போன பொருள் மட்டுமா? வினைத்தொகை நடத்துகிற நமக்கு மெய்சிலிர்க்கிறது. கடைக்காரர் ஒருவர் முதற்பொருளைக் கொண்டு வழக்காட, 2007இல் ஜப்பானிய உச்சநீதிமன்றம் இரண்டாம் பொருளையே கொண்டது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். எண்கள் விளக்கத்துக்காக நாமே இட்டவை. ஒன்று 70 யென்னுக்கு வாங்கிய பத்து உருண்டைகள், விற்கும் விலை 100. எட்டு விற்றன, இரண்டு குப்பைக்கு. வரவு 800, செலவு 700, கையில் 100 என்பது நம் ஊர்க்கணக்கு. ஒப்பந்தக் கணக்கில் விற்ற எட்டின் அடக்கவிலையான 560 மட்டுமே கழியும். மொத்த இலாபம் 240. ராயல்டி பாதி என்று கொள்வோம்: நிறுவனத்துக்கு 120, கடைக்காரருக்கு 120. அதிலிருந்து குப்பைக்குப் போன 140ஐ அவர் கழிக்க வேண்டும். இருபது யென் நட்டம். மாறாக, அவ்விரண்டையும் கெடுமுன் இருபது இருபது யென்னுக்குத் தள்ளிவிட்டிருந்தால், பத்தும் விற்றனவாகிவிடும். வரவு 840, அடக்கம் 700, இலாபம் 140, ஆளுக்கு எழுபது. கடைக்காரர் நட்டத்திலிருந்து மீள்கிறார். நிறுவனத்தின் வரவோ 120லிருந்து 70ஆக இறங்குகிறது. இப்போது, விலை குறைத்து விற்காதே என்று நிறுவனம் ஏன் வற்புறுத்தியது என்பது விளங்கும். 2009 சூனில் ஜப்பானின் நியாய வணிக ஆணையம் அவ்வற்புறுத்தலை நிறுத்துமாறு ஆணையிட்டது. அதன்பின் குப்பைக்குப் போவதன் அடக்கவிலையில் 15 விழுக்காட்டை நிறுவனம் ஏற்றது.

இரவுக்கும் இதே கணக்கு. நள்ளிரவில் ஒருவர் வந்து ஒரு பொட்டலம் வாங்கினாலும் மொத்த இலாபம் கூடும்; நிறுவனத்தின் பங்கு கூடும். அந்நேரத்துப் பணியாளரின் ஊதியமோ கடைக்காரரின் செலவு. ஆகவே எவ்வளவு குறைவாக விற்றாலும் திறந்திருப்பதே ஒருவருக்கு நன்று, மற்றவருக்கு அப்படியன்று. இளைஞர் அருகிவரும் நாட்டில் இரவுப்பணிக்கு ஆள் கிடைப்பதும் அரிதாயிற்று. வாரத்துக்கு 28 மணிநேரம் மட்டுமே வேலை பார்க்க அனுமதியுள்ள நேபாள, வியட்நாம் மாணவர்கள் பெருநகரக் கடைகளில் நிற்கத் தொடங்கினர். அவர்களும் கிடைக்காத ஊர்களில் கடைக்காரரும் அவர் மனைவியுமே நிற்க வேண்டும். உரிமம் பெற இருவர் முழுநேரம் ஈடுபட வேண்டும் என்பது நெடுநாள் நிபந்தனை. பெரும்பாலும் அவ்விருவர் கணவனும் மனைவியும்.

இரவுக்கடையால் பயனே இல்லை என்பது நம் வாதமன்று. பேரிடர்க் காலங்களில் உணவும் நீரும் முதலில் போய்ச்சேரும் இடமாக அவை விளங்கியதால் 2017இல் ஜப்பானிய அரசு கொன்பினி நிறுவனங்களைப் பேரிடர் உதவிக்குரிய பொது நிறுவனங்களின் பட்டியலில் சேர்த்தது. நள்ளிரவில் அஞ்சி ஓடிவரும் பெண்ணுக்குத் தெருவில் ஒளியுள்ள ஒரே கதவு அதுவாகவும் இருக்கலாம். அவ்விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது யார் என்பதே வழக்கு.

ஒசாகாவுக்கு அருகிலுள்ள ஹிகாஷி-ஒசாகா நகரில் ஒரு கடைக்காரர். 2018 மே மாதத்தில் உடனுழைத்த மனைவி புற்றுநோயால் இறந்தார். பணியாளர்களும் குறைந்தனர். 2019 பிப்ரவரி முதல் இரவு ஒரு மணிக்குச் சாத்திக் காலை ஆறு மணிக்குத் திறக்கலானார். ஐந்து மணிநேரம். ஒப்பந்தத்தை முறித்துவிடுவோம், ஏறத்தாழ 1 கோடியே 70 இலட்சம் யென் தண்டம் கட்ட நேரும் என்று நிறுவனம் எச்சரித்தது. செய்தி நாடெங்கும் பரவியது. மற்றக் கடைக்காரர்களும் வாய்திறந்தனர். ஏப்ரலில் ஜப்பானியக் கொன்பினி நிறுவனத்தின் தலைவர் மாற்றப்பட்டார். நவம்பரில் எட்டுக் கடைகள் நிறுவனத்தின் முறையான இசைவோடு இரவில் சாத்தத் தொடங்கின. இருபதாயிரத்தில் எட்டு.

அந்த எட்டில் இவர் கடை இல்லை. 2019 திசம்பர் 31 அன்று அவர் ஒப்பந்தத்தை நிறுவனம் முறித்தது. காரணமாகச் சொன்னது இரவுநேரம் அன்று. வாடிக்கையாளர்கள் அவர்மீது அளித்த புகார்கள். அவர் கடையை ஒப்படைக்க மறுத்தார். சரக்கு வருவது நின்றது. இருவரும் நீதிமன்றம் போயினர்.

மேலிடத்திலோ வேறு ஆட்டங்கள். சுசூகி 2016இலேயே, தாம் கொணர்ந்த தலைமை மாற்றத்தை இயக்குநர் குழு ஏற்காததால் பதவி விலகியிருந்தார். இட்டோ 2023இல் தம் 98ஆம் அகவையில் காலமானார். 2024இல் கனடாவின் கூஷ்-டார் நிறுவனம் முழுக்குழுமத்தையும் விலைக்குக் கேட்டு, 2025 சூலையில் பின்வாங்கியது. அதே ஆண்டில் இட்டோ-யோகாடோ பேரங்காடிகளைக் குழுமம் அமெரிக்க முதலீட்டு நிறுவனம் ஒன்றுக்கு விற்றது. பெற்றெடுத்த பேரங்காடி கைமாற, பிள்ளையாகிய கொன்பினி எஞ்சியது.

ஹிகாஷி-ஒசாகா வழக்கு நடந்துகொண்டிருக்கையில், 2021 மே மாதத்தில், பூட்டிக் கிடந்த அக்கடையின் வாகன நிறுத்துமிடத்திலேயே நிறுவனம் தற்காலிகக் கட்டடம் ஒன்றை எழுப்பி, தானே நேரடியாக நடத்தும் செவன் இலெவன் கடையைத் திறந்தது. சில அடி இடைவெளியில் ஒரே பெயர் கொண்ட இரு கடைகள். 2022 சூனில் ஒசாகா மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாடிக்கையாளர்களிடம் நடந்துகொண்ட முறையே ஒப்பந்தத்தை முறிக்கப் போதிய காரணம் என்றும், கடைக்காரர் கட்டடத்தை ஒப்படைத்துப் பணமும் செலுத்த வேண்டும் என்றும் கூறியது.